நண்பரைப் பாராட்டும் உரிமை

நம் சங்கத்து மலர்க் குழுவினர் இவ்வாண்டு மலருக்கென நம்மிடம் கட்டுரை கேட்டபோது பொருளையும் தாமே வகுத்துத் தந்துவிட்டனர். கால் நூற்றாண்டாக நமக்கு உற்ற நண்பராய் விளங்குபவரும், சங்க மேடைக்கு இருபதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதி இயக்கியவருமான பெரியவர் ஒருவரைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். "உங்களைக் காட்டிலும் அவரை அறிந்தவர் யார்?" என்று கேட்டு நம் வாயையும் அடைத்துவிட்டனர்.

எழுத அமர்ந்தோம். நான்கு மாலைப்பொழுதுகள் கழிந்தன. 'பண்பின் சிகரம்', 'கலையின் இருப்பிடம்', 'தன்னலமற்ற தமிழ்த் தொண்டர்' என்று தாளில் விழுந்த சொற்களைப் படித்துப் பார்த்தபோது, அவற்றை எவர் பெயருக்குப் பின்னும் ஒட்டலாம் என்பது விளங்கிற்று. அலுவலகத்தில் ஓய்வுபெற்றுச் செல்வோர்க்கு நாம் எழுதிக்கொடுக்கும் வாழ்த்து மடல்களிலும் இவையே இருக்கின்றன. சொல் வறட்சி மட்டுமே காரணமாயின் அகராதியைப் புரட்டியிருப்போம். தடை வேறிடத்தில் இருந்தது. நண்பரைப் பாராட்ட நண்பருக்கு உரிமை உண்டா என்னும் ஐயமே அத்தடை.

இவ்வையம் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், நடுவண் அரசின் கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிப்பவர்க்கு இது விந்தையன்று. உறவினர் ஒருவருடைய கோப்போ நெருங்கிய நண்பருடைய கோப்போ மேசைக்கு வருமானால், குறிப்பெழுதாமல் அதனை அடுத்தவரிடம் நகர்த்திவிடுதலே முறை. அன்பு உள்ள இடத்தில் தராசு நேராக நில்லாது என்பது இம்முறையின் உட்பொருள். அங்ஙனமாயின், அன்பின் காரணமாகவே எழுதப்படும் பாராட்டுரையை எவர் நம்புவது? அன்பில்லாதார் எழுதும் பாராட்டுரையைத்தான் எவர் விரும்புவது?

இவ்வினாவோடு நாம் திரிந்துகொண்டிருந்த நாளில், அலுவல் காரணமாக இராஜாபஜார்ப் பக்கம் செல்ல நேர்ந்தது. ஆசாரிய பிரபுல்ல சந்திர சாலை என இன்று வழங்கும் பழைய மேல் சர்க்குலர் சாலையில், அறிவியல் கல்லூரியை அடுத்து, போஸ் ஆய்வுக் கழகத்தின் முதற் கட்டடம் நிற்கின்றது. ஜகதீச சந்திர போஸ் 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் பிறந்தநாளன்று, அதனைத் திறந்துவைத்தார். (பழைய தமிழ் ஏடுகள் அவரை 'வசு' என்று எழுதின, நாம் பழகிய 'போஸ்' என்ற பெயராலேயே இங்கு குறிப்பிடுகின்றோம்.) அத்திறப்பு விழாவுக்கென்றே பாடல் ஒன்றை இயற்றித் தந்தவர் கவி தாகூர். டிராம் கம்பிகளும் பேருந்து இரைச்சலும் நிறைந்த அச்சாலையில் நடந்தபோது, நம் வினாவை நமக்கு நூறாண்டுகட்கு முன்னரே இவ்விருவரும் வாழ்ந்து பார்த்திருக்கின்றனர் என்னும் எண்ணம் எழுந்தது. வீடு திரும்பியதும் அவர்தம் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படிக்கலானோம்.

போஸ் 1858இல் பிறந்தவர், தாகூர் 1861இல். ஒருவர் மாநிலக் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர். மற்றவர் பத்மா நதிக்கரையில் குடும்பத்தின் நிலபுலங்களை மேற்பார்த்துவந்த கவிஞர். இங்கிலாந்தில் தம் ஆய்வுகளை விளக்கிப் புகழ் பெற்று 1897இல் போஸ் கல்கத்தா மீண்டபோது, வாழ்த்துக் கூற அவர் வீட்டுக்குச் சென்றார் தாகூர். போஸ் வீட்டில் இல்லை. மேசைமீது மக்னோலியா மலரை வைத்துவிட்டுத் திரும்பினார் என்பர். மாலையுமில்லை, மடலுமில்லை. நட்பு அங்கே வேர்விட்டது.

இனி நடந்தவையே நம் கருத்தைக் கவர்வன. தாகூர் சிலைதஹாவில் தங்கியிருந்த காலத்தில், வார இறுதிதோறும் போஸ் அங்குச் செல்வதுண்டு. ஆற்றிடை மணற்றிட்டுகளில் ஆமை முட்டை தேடுவதற்குக் கவிஞரின் மகன் இரதீந்திரநாதருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. இவை விளையாட்டு. ஆனால் விருந்தினர் விதித்த நிபந்தனை ஒன்று விளையாட்டன்று. தாம் வரும்போதெல்லாம் புதிய சிறுகதை ஒன்றைக் கவிஞர் படித்துக்காட்டியாக வேண்டும் என்பதே அது. பழைய கதையைப் புகழ்ந்து பேசிப் பொழுது போக்குதல் அவருக்கு உடன்பாடன்று. சென்ற வாரத்துக் கதை நன்றாயிருந்ததாயின், அதற்குரிய பாராட்டு இவ்வாரத்துக் கதையைக் கேட்பதுதான். எழுத்துத் தொழிலில் சிறிதேனும் ஈடுபட்டோர்க்கு இதன் அருமை தெரியும். 'மிக நன்று' என்று சொல்லிச் செல்வோர் ஆயிரவர், 'அடுத்தது எங்கே?' என்று வந்து அமர்வார் ஒருவர் வாய்த்தாலே பேறு.

1900இல் பாரிஸ் மாநகரில் கூடிய அனைத்துலக இயற்பியல் மாநாட்டில், உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் தூண்டலுக்கு எழும் துலங்கல் ஒத்திருப்பதைப் பற்றிப் போஸ் உரையாற்றினார். அங்கிருந்து இங்கிலாந்து சென்றார். ஆய்வுச் சுமை நடுவிலும் நண்பரின் கதைகளை அவர் மறக்கவில்லை. நீர் சிற்றூரில் ஒளிந்துகொண்டிருக்க நான் விடமாட்டேன் என்னும் பொருள்படக் கவிஞருக்கு மடல் எழுதினார். நிவேதிதை அம்மையார் 'காபூலிவாலா' முதலிய கதைகளை ஆங்கிலத்தில் ஆக்கினார். அவற்றை அயல்நாட்டு ஏட்டில் வெளியிடப் போஸ் முயன்றார். கீழைநாட்டு வாழ்க்கையில் மேலைநாட்டார்க்கு நாட்டமில்லை என்ற காரணத்தோடு திருப்பிவிட்டனர். இது நோபல் பரிசுக்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன் நடந்தது. அம்மொழிபெயர்ப்பு 1912இல்தான் கல்கத்தாவின் 'மாடர்ன் ரெவியூ'வில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு உலகமே அக்கவிஞரின் பெயரை உச்சரித்தது.

வள்ளுவர் நட்பைப் பற்றி அடுத்தடுத்து அமைத்த அதிகாரங்களுள் எண்பத்தொன்றாவதற்குப் 'பழைமை' என்று பெயரிட்டார். நெடுநாள் நட்பின் இலக்கணம் உரைக்கும் அவ்வதிகாரம் பேசுவது இனிய சொற்களைப் பற்றியன்று, உரிமையைப் பற்றி. நம்மைக் கேளாமலேயே நண்பர் நம் பொருட்டு ஒன்றைச் செய்துவிடுவார். நாமும் அதனை முகம் கோணாமல் ஏற்றுக்கொள்வோம். பழைமை என்பது அதுவே. ஒருவருடைய கதையை எடுத்துக்கொண்டுபோய் அயல்நாட்டில் கதவு கதவாய்த் தட்டுதற்கு இயற்பியலாருக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி ஒன்றுமில்லை, உரிமை இருந்தது.

இலக்கியத்திற்கு இயற்பியலார் செய்ததைக் கண்டோம். அறிவியலுக்குக் கவிஞர் செய்தது இதனினும் சிக்கலானது. நம் ஐயம் உறுத்தும் இடமும் அதுவே.

1901இல் இலண்டன் அரச கழகத்தார்முன் போஸ் தம் முடிவுகளை வைத்தபோது, பர்டன் சாண்டர்சன் போன்ற உடலியல் வல்லுநர் எதிர்த்தனர். இயற்பியலாளர் தம் எல்லையை விட்டு உயிரியலுக்குள் புகுந்தது வருந்தத்தக்கது என்னும் அளவுக்குப் பேச்சு எழுந்தது. அவர் கட்டுரை அச்சேறாமல் நின்றது. விடுப்போ முடியும் தறுவாயில் இருந்தது. கையில் பொருளும் இல்லை. ஊர் திரும்பினால் தோற்றவராகத் திரும்ப வேண்டும். அங்கேயே தங்கிப் போராடுவதற்குப் பணம் வேண்டும். அப்பணத்தைத் திரிபுரா மன்னர் இராதாகிசோர் மாணிக்கியரிடம் கேட்டுப் பெற்று அனுப்பியவர் தாகூர். அந்நாளில் அவர் நிலையும் செழிப்பானதன்று. குஷ்டியாவில் தொடங்கிய வாணிகம் நொடித்துக் கடன் அழுத்திக்கொண்டிருந்தது. 1901 டிசம்பரில்தான் சாந்திநிகேதனத்துப் பள்ளியையும் தொடங்கினார். மறு ஆண்டு மனைவியை இழந்தார். தமக்கெனக் கேட்கக் கூசியிருக்கக்கூடியவர் நண்பருக்காக அரண்மனை வாயிலில் நின்றார்.

பணத்தோடு நின்றாரா எனின், இல்லை. அதே 1901இல் 'வங்கதர்சன்' ஏட்டில், ஆசாரியர் ஜகதீசரின் வெற்றியை முழங்கியும், சடப்பொருளுக்கு உயிருண்டோ என்று வினவியும் வங்க மக்களுக்குக் கட்டுரைகள் எழுதினார். இலண்டன் அறிஞர்கள் இன்னும் தீர்ப்புக் கூறவில்லை. கவிஞர் இங்கே வெற்றிச் செய்தி வெளியிட்டுவிட்டார்! மின்னோட்டமானியையும் துலங்கல் வளைகோட்டையும் பற்றித் தீர்ப்புக் கூறக் கவிஞருக்கு என்ன பயிற்சி இருந்தது? நம் அலுவலக நெறிப்படி நோக்கினால், இது தன் நண்பரின் கோப்பில் தானே கையொப்பமிட்டதற்கு ஒப்பாகும்.

காலம் என்ன தீர்ப்புக் கூறிற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வானொலி அலைகளுள் மிகக் குறுகிய, மில்லிமீட்டர் அளவிலான அலைகளைக் கொண்டு போஸ் நிகழ்த்திய ஆய்வுகள் இன்று போற்றப்படுகின்றன. கலீனாப் படிகத்தாலான அவருடைய அலையுணர்கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பெற்றது. குறைகடத்தி வரலாற்றை எழுதுவோர் அதனையும் குறிப்பிடுகின்றனர். செடிகளில் மின்குறிகள் ஓடுகின்றன என்பதும் இன்று ஐயத்துக்கு இடமற்றது. ஆனால், செடியின் உள்ளறைகள் துடித்துத் துடித்தே சாற்றை மேலேற்றுகின்றன என்று அவர் கூறிய கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை; இலைவழி நீர் ஆவியாகும் இழுப்பையே காரணமாகக் கொள்கின்றது. உலோகமும் உயிர்போல் களைப்புறும் என்பதற்கு அவர் அளித்த விளக்கமும் அவர் கருதிய பொருளில் நிலைபெறவில்லை. நிலைத்தன பல, நில்லாதனவும் உள.

ஆகவே கவிஞர் ஏமாந்தாரா? இவ்விடத்தில் நாம் நெடுநேரம் தயங்கினோம். பின்னர், நமக்கு நன்கு பழகிய இரு தாள்கள் நினைவுக்கு வந்தன. வேலைக்கு விண்ணப்பிப்போர் மதிப்பெண் சான்று ஒன்றும் நன்னடத்தைச் சான்று ஒன்றும் இணைத்து அனுப்புவர். முன்னதைத் தேர்வு நடத்தியோர்தாம் வழங்க இயலும். பின்னதை அவ்விளைஞரை ஆண்டுக்கணக்கில் அறிந்தவரே வழங்க வேண்டும். அறியாதவர் வழங்கினால் அது பொய்ச்சான்று. முதலாவதற்கு விலகி நிற்றல் தகுதி. இரண்டாவதற்கு நெருங்கியிருத்தலே தகுதி. 'இம்முடிவு மெய்யானது' என்று சொல்ல நண்பருக்கு உரிமையில்லை. 'இவர் பொய்யுரையார், இடையில் விட்டுவிட்டும் போகார்' என்று சொல்ல நண்பரைத் தவிர வேறு எவர்க்கும் உரிமையில்லை.

அவ்விரண்டாம் சான்றுக்குரிய ஆதாரம் தாகூரிடம் நிறைய இருந்தது. 1885இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்த போஸுக்கு, இந்தியர் என்பதனால் ஆங்கிலேயரினும் குறைந்த சம்பளம் அளித்தனர். அவர் வேலையை விடவில்லை, குறைந்த சம்பளத்தைத் தொடவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாது பாடம் நடத்தினார். இறுதியில் முழுச் சம்பளமும் பின்தேதியிட்டு வழங்கப்பெற்றது. தம் கண்டுபிடிப்புகளைக் காசாக்குவதில் அவருக்கு மனமில்லை. தாம் எழுப்பிய ஆய்வுக் கழகத்தைக் கூடம் என்றதோடு நில்லாமல் கோயில் என்றும் சொன்னார். அதன் வாயிலருகே, கையில் விளக்கேந்திய பெண்ணின் உருவம் நிவேதிதையார் நினைவாக அமைந்துள்ளது. அனைத்துப் பொருளிலும் ஒன்றே ஊடுருவி நிற்கின்றது என்பது பிரம சமாஜக் குடும்பத்தில் பிறந்த அவருக்குச் சமயம். அதுவே அவருக்கு ஆய்வுக்கான ஊகமும் ஆயிற்று. நம்பிக்கையும் படைப்பாற்றலும் அவரிடத்தில் இரு வேறு பொருள்களல்ல.

எனினும், தாகூர் சில வேளை இரண்டாம் சான்றை எழுதப் புகுந்து முதலாவதையும் சேர்த்தே எழுதிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்பு மிகுந்த பேனாவுக்கு இது இயல்பாக நேரும் சறுக்கல். இச்சறுக்கலுக்கு அஞ்சி அவர் அன்று வாய்மூடி இருந்திருந்தால், 1902இல் வெளிவந்த போஸின் நூல் வந்திருக்குமா என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1920இல் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அன்றும் சிலர் அவருடைய கருவியை ஐயுற்றனர். இலண்டனில் வல்லுநர் முன் இயக்கிக் காட்டிய பின்னரே வாய் ஓய்ந்தது. அதன் பிறகு பாராட்டுவதற்கு நண்பர் தேவையில்லை, செய்தித்தாளே போதும்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது தன் அருகே பிசிராந்தையார்க்கும் இடம் ஒதுக்குமாறு கூறிய செய்தியைப் புறநானூறு காட்டும். ஒருவரை ஒருவர் பார்த்தறியாத நட்பு அது. பாண்டி நாட்டிலிருந்து அவர் எங்கே வரப்போகின்றார் என்று சூழ்ந்திருந்தோர் ஐயுற்றனர். அரசன் ஐயுறவில்லை, அவரும் வந்தார். இக்கதையை மேடையில் எடுத்துரைப்போர் பெரும்பாலும் ஆந்தையார் வந்ததையே வியப்பர். நமக்கோ, அவர் வருமுன்னரே இடத்தை ஒழித்துவைக்கச் சொன்ன அவ்வுள்ளமே பெரிதாகப் படுகின்றது. வந்தபின் ஆசனம் இடுவது விருந்தோம்பல். வருமுன் இடம் ஒதுக்குவதுதான் நட்பு.

1900இல் 'கதா' என்னும் பாட்டு நூலையும், 1906இல் 'கேயா' என்னும் நூலையும் தாகூர் போஸுக்கே படைத்தார். நட்பு விழாவாக மலர்ந்தது பின்னாளில். 1928இல் போஸுக்கு எழுபது நிறைந்தபோது தாகூர் கவிதை எழுதினார். 1931இல் தாகூருக்கு எழுபது நிறைந்தபோது இராமானந்த சட்டர்ஜி 'தாகூர் பொன்னேடு' என்னும் பாராட்டு மலரைக் கல்கத்தாவில் தொகுத்தார். அதனை முன்னின்று அளித்த ஐவர்: காந்தியடிகள், ரொமேன் ரோலண்ட், ஐன்ஸ்டைன், கிரேக்கக் கவிஞர் பலமாஸ், நம் போஸ். நாம் எத்தனையோ மலர்களைக் கண்டிருக்கின்றோம்; இத்தகைய பெயர் வரிசை வேறெந்த மலருக்கும் அமைந்ததாக அறியோம். இதில் காந்தியடிகளின் பெயரைக் கண்டு சற்றே நின்றோம். பத்தாண்டுகட்கு முன், 1921இல், ஒத்துழையாமையையும் இராட்டையையும் பற்றித் தாகூர் வெளிப்படையாக மறுத்தெழுத, காந்தியடிகளும் அவரை 'மாபெரும் காவலர்' என்று தலைப்பிட்டே விடையிறுத்தார். கருத்து மாறுபாடு இருவரிடையேயும் தீரவே இல்லை. மலரில் பெயரிட அது தடையாகவுமில்லை. பாராட்டுவோர் அனைவரும் ஒத்த கருத்தினராயிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கும் நம் செயற்குழுக் கூட்டங்களை எண்ணிப் புன்னகைத்துக்கொண்டோம்.

அம்மலரால் கவிஞர் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். எழுபதைக் கடந்தபின் 'சித்திராங்கதா', 'சண்டாலிகா', 'சியாமா' ஆகியவற்றை நாட்டிய நாடகங்களாக ஆக்கினார். 1937இல், எழுபத்தாறாம் வயதில், மாணவர்க்கென 'விசுவ பரிசயம்' என்னும் அறிவியல் நூலை எழுதினார். சத்தியேந்திரநாத் போஸுக்கு அதனைப் படைத்தார். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் ஜகதீசர் கிரிதியில் மறைந்தார். கவிஞர் கதை படிக்கக் கேட்டுச் சிலைதஹாவுக்கு வந்தவர் போய்விட்டார். ஆனால் கவிஞரைச் சுற்றிலும் 'அடுத்தது எங்கே?' என்று கேட்போர் குறையவில்லை. நடிக்க மாணவர் இருந்தனர், பாடக் குரல்கள் இருந்தன, அச்சிட ஏடுகள் காத்திருந்தன. தமிழுலகமும் அவர் கதைகளைக் கேட்டுப் பெற்றதுதான். பாரதியாரே எட்டுக் கதைகளை மொழிபெயர்த்தார், பின்னர்த் த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி ஆகிய உடன்பிறந்தார் இருவரும் வங்கத்திலிருந்து நேரே கொணர்ந்தனர்.

இவ்வளவும் படித்தபின் நம் நண்பரின் முகம் கண்முன் வந்தது. தம் பெயர் அச்சில் வரலாகாது என்று அவர் கேட்டுக்கொண்டமையால் பெயரை விடுத்தோம். இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய உறுப்பினர் எவர்க்கும் அது தேவையுமில்லை. விடியுமுன் எழுந்து நீராடித் தேவாரம் ஓதாமல் அவர் ஒரு நாளும் வெளியே இறங்கியதில்லை. அந்நம்பிக்கையைப் பற்றிப் பேசப் பலருண்டு. நமக்கு அதனினும் வியப்பூட்டியது அவருடைய மற்றொரு நம்பிக்கை. வீட்டிலும் தெருவிலும் வங்கமே பேசி வளரும் நம் பிள்ளைகள், தமிழ் மேடையில் ஏறி முழங்குவர் என்று நம்பினார். தமிழெழுத்து அறியாத பிள்ளைக்கு வசனத்தை வங்க எழுத்தில் எழுதிக் கொடுப்பார். அவ்வெழுத்தில் ழகரம் இல்லை. ஆகவே லகரத்தின் தலையில் நட்சத்திரக் குறி ஒன்றிடுவார். நட்சத்திரம் கண்ட இடத்தில் நாக்கை மடிக்க வேண்டும். கண்ணகியாக நடித்த சிறுமி, வழக்குரைத்த இடத்தில் ஒரு ழகரமும் பிசகாமல் பேசிய இரவை நாம் மறக்க இயலாது. அப்பெண் பின்னர்த் தமிழெழுத்தைத் தானே கற்றாள். இன்று அவள் மகளுக்கு அவளே கற்பிக்கின்றாள்.

அந்நாளில் நாம் அவருக்கு என்ன செய்தோம்? ஒத்திகைக்கு வந்தோம்; கோவலனாகவும் காவலனாகவும் நின்றோம்; பொங்கல் முடிந்த மறுவாரமே பாரதி விழாவுக்கு என்ன நாடகம் என்று நச்சரித்தோம். அறியாமலே போஸின் நிபந்தனையை நாமும் விதித்துக்கொண்டிருந்தோம். பின்னர் அவருக்கு அறுபது நிறைந்தது. சங்கம் விழா எடுத்தது. அறுவர் பேசினர், அறுவரும் பொன்னாடை போர்த்தினர். நாமும் பேசினோம். அவர் ஆற்றிய தொண்டு என்று, இறந்தகாலத்திலேயே பேசினோம் என்பது இப்போது நினைவுக்கு வருகின்றது. அவ்விழாவுக்குப் பின் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவரிடம் நாடகம் கேட்டார் எவருமில்லை. பெரியவரைத் தொந்தரவு செய்யலாகாது என்றோம். சென்னையிலிருந்து இன்னிசைக் குழுவை வரவழைத்தோம். மரியாதை என்று நாம் எண்ணியது ஓய்வுச் சீட்டாக அவர் கைக்குச் சேர்ந்தது.

பாராட்டுரை எழுத நமக்கு உரிமை உண்டா என்னும் ஐயம் தீர்ந்துவிட்டது. உண்டு, நன்னடத்தைச் சான்று வழங்க நம்மினும் தக்கார் இலர். ஆயினும் அதனை எழுதிக் கொடுத்துவிட்டால் ஏழாவது பொன்னாடையும் போர்த்தியதாகும் என்று கை கூசிற்று. ஆகவே சென்ற ஞாயிறு மாலை, ஏரிப் பக்கத்துச் சந்தில் உள்ள அவர் வீட்டுக்குச் சென்றோம். அம்மையார் காப்பி கொணர்ந்தார்கள். அலமாரியின் மேல்தட்டில் அவ்வாறு பொன்னாடைகளும் அந்துருண்டை மணக்க அடுக்கப்பட்டிருந்தன. கல்கத்தாவின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அவற்றை யார் போர்த்துவது?

"கட்டுரை எழுத வரவில்லை, அண்ணா" என்றோம்.

"நல்லதாயிற்று" என்றார்.

"பொங்கலுக்கு நாடகம் வேண்டும்" என்றோம்.

சிறிது நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீதியில் மீன் விற்பவனின் குரல் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார். பின்னர், "பிள்ளைகள் எத்தனை பேர் வருவார்கள், தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்று உண்மையைச் சொன்னோம். "அதில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்?" என்றார். அதுவும் தெரியாது என்றோம். அம்மையாரைக் கூப்பிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புதிய பக்கத்தைத் திருப்பினார். முந்தைய பக்கங்கள் முழுதும் எழுதப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டோம்.